நார்த் பிளாட்: பத்து நிமிஷப் பந்தி

தலைப்பைப் பார்த்துட்டு கல்யாண வீட்டுச் சமாச்சாரம்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது இரண்டாம் உலகப் போர் பத்தின பதிவு. ஆனா பீரங்கி, நீர்மூழ்கி, ஹிட்லர் மீசை எதுவும் வராது. வேகவச்ச முட்டை வரும், காபி வரும், ஒரு ரயில்வே ஸ்டேஷன் வரும். பதிவு கொஞ்சம் நீளம். கையில ஒரு டீயோட உட்காருங்க.

அமெரிக்க மேப்பை எடுத்து நட்ட நடுவுல விரலை வச்சா நெப்ராஸ்கா மாநிலம் வரும். சோளக்காடு, மாட்டுப் பண்ணை, மறுபடி சோளக்காடு. நான் ஒமாகாவில் ஆன்சைட் இருந்தப்ப நண்பர்களோட டென்வருக்கு கார்ல போயிருக்கேன். மூணு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் ஜன்னலுக்கு வெளிய அதே காட்சிதான் இருக்கும், கார் நகர்ந்துச்சாங்கிற சந்தேகமே வந்துடும். அந்தப் பாதையில, ஒமாகாவுக்கு மேற்கே சுமார் 450 கிலோமீட்டர்ல இருக்கிற ஊர்தான் நார்த் பிளாட். 1866-ல் யூனியன் பசிபிக் ரயில்பாதை வந்து சேர்ந்தபோது உருவான ஊர். ரயில் இல்லேன்னா இந்த ஊரே இல்லை. 1940 வாக்கில் ஜனத்தொகை சுமார் 12,000. நம்ம பக்கம் ஒரு பெரிய கிராமத்துல இதைவிட அதிகம் பேர் இருப்பாங்க.

1941 டிசம்பர் 7-ம் தேதி ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்குகிறது. அமெரிக்கா போரில் இறங்குகிறது. நெப்ராஸ்கா தேசியக் காவல் படையில் 'டி கம்பெனி'ன்னு ஒரு பிரிவு. அதில் நார்த் பிளாட் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர். ஆர்கன்சாவில் பயிற்சியில் இருந்தவர்களை மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறார்கள், வண்டி நம்ம ஊர் வழியாத்தான் போகுது என்று டிசம்பர் 17 அன்று ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது. ராணுவ ரயில் எப்ப எங்க போகும்ங்கிறது ரகசியம். ஆனா ரயில்வே ஊர்ல ரயில் ரகசியம் எத்தனை நாளைக்கு நிக்கும்? சில நூறு பேர் ஸ்டேஷனில் கூடிவிட்டார்கள். அம்மா, அப்பா, காதலி, தம்பி தங்கைகள். கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரம். கையில் கேக், பழம், சிகரெட், பரிசுப் பொட்டலங்கள். நெப்ராஸ்காவின் டிசம்பர் குளிர் எப்படி இருக்கும்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். அதிலே மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள்.

சாயங்காலம் வண்டி வந்தது. ஜன்னலில் தெரிந்த முகம் எதுவும் தெரிந்த முகம் இல்லை. வந்தது டி கம்பெனிதான், ஆனா கான்சாஸ் மாநிலத்தோட டி கம்பெனி!

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. உங்க பையனுக்குன்னு சுட்டு எடுத்துட்டு வந்த கேக். நாலு மணி நேரக் குளிர். வண்டியில இருக்கிறவன் யாரோ. "சே, நம்ம வண்டி இல்லையா" என்று வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தால் ஒருத்தரும் குறை சொல்லியிருக்க முடியாது. கொஞ்ச நேரம் என்ன செய்யறதுன்னு தெரியாம நின்னாங்க. அப்புறம் யாரோ ஒருத்தர் முன்னால் போய் ஜன்னல் வழியே பொட்டலத்தை நீட்ட, பின்னாலேயே எல்லாரும் போனார்கள். கொண்டுவந்த அத்தனையும் கான்சாஸ் பையன்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டி கிளம்பிப் போய்விட்டது. அவங்க வீட்டுப் பையன்கள் போன வண்டி அந்த ஊருக்கு வரவேயில்லை.

கூட்டத்தில் ரே வில்சன் என்ற பெண் இருந்தார். இருபதுகளின் நடுவில் வயசு. உள்ளூர் மருந்துக்கடையில் விற்பனைப் பெண். அவரோட அண்ணன்தான் நெப்ராஸ்கா டி கம்பெனியின் கமாண்டர். அண்ணனைப் பார்க்க வந்து ஏமாந்த பொண்ணு அன்னைக்கு ராத்திரி அழுதுட்டுப் படுத்திருக்கலாம். இவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுநாளே அச்சில் வந்தது. அந்தப் பையன்கள் முகத்துல வந்த சந்தோஷத்தைப் பார்த்தோமே, இனிமே இந்த வழியா வர்ற எல்லா ராணுவ வண்டிக்கும் இதைச் செஞ்சா என்ன, ஒரு கேன்டீன் ஆரம்பிப்போம், நான் சம்பளமில்லாம நேரம் தர்றேன். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

ஒரு வாரம்தான். டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று ராத்திரி முதல் வண்டிக்கு கேன்டீன் தயார்.

முதலில் ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்த ஹோட்டலில் ஓர் இடத்தில் வைத்து எல்லாவற்றையும் பிளாட்பாரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது சரிப்பட்டு வரலை. யூனியன் பசிபிக் கம்பெனித் தலைவரைக் கேட்டார்கள். அப்போது தலைவர் வில்லியம் ஜெஃபர்ஸ். இவர் கதையே தனிப்பதிவு போடலாம். இதே நார்த் பிளாட்டில் ஒரு ரயில்வே தொழிலாளிக்குப் பிறந்து, பதினாலு வயசில் அதே கம்பெனியில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, 1937-ல் அதே கம்பெனிக்குத் தலைவரானவர். (போர்க்காலத்தில் ரப்பர் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ரூஸ்வெல்ட் அரசு கூப்பிட்டதும் இவரைத்தான்.) ஸ்டேஷனிலேயே இருந்த சாப்பாட்டு அறையை எடுத்துக்கோங்க என்று கொடுத்துவிட்டார். மேஜை, அடுப்பு, ஒரு பியானோ. வேறென்ன வேணும்?

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. பொட்டி தட்டுறவன் புத்தி, ஒரு சிஸ்டம்னு வந்துட்டா லோடு எவ்வளவு, ரெஸ்பான்ஸ் டைம் எவ்வளவுன்னுதான் யோசிக்கும்.

அந்தக் காலத்து நீராவி எஞ்சின் நார்த் பிளாட்டில் நிற்பது சிப்பாய்களுக்காக இல்லை. தண்ணீர் பிடிக்க, சக்கரங்களுக்கு எண்ணெய் போட, ஆள் மாற்ற. அதுக்கு ஆகிற நேரம் சுமார் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் வண்டியிலிருந்து எல்லாரும் இறங்கி, பிளாட்பாரத்தைக் கடந்து, உள்ளே வந்து, தின்று, காபி குடித்து, திரும்ப ஓடி ஏறணும். உச்சகட்டத்தில் ஒரு நாளைக்கு 23, 24 வண்டிகள். 1941 கிறிஸ்துமஸில் ஆரம்பித்து 1946 ஏப்ரல் 1 வரை மொத்தம் 60 லட்சம் பேருக்கு மேல் அங்கே சாப்பிட்டுப் போனதாகக் கணக்கு. நாளைக் கணக்குப் போட்டேன். 1,559 நாள். சராசரியா ஒரு நாளைக்கு 3,850 பேர். லீவு இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை, கிறிஸ்துமஸ் இல்லை. நம்ம ஊர்க் கல்யாணத்துல ஒரு பந்திக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அதிலேயும் அப்பளம் வரலைன்னு மாப்பிள்ளை வீட்டார் முகம் தூக்குவாங்க. இங்கே பத்து நிமிஷத்துக்கு ஒரு பந்தி, நாலேகால் வருஷம், பரிமாறினவங்க ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது.

வண்டி வர்ற நேரம் வெளியே சொல்லக்கூடாது என்பதால் ரயில்வே ஆட்கள் கேன்டீன் பொறுப்பாளருக்கு மட்டும் ஒரு சங்கேத வார்த்தையில் தகவல் கொடுப்பார்கள். காபிப் பாத்திரம் அடுப்புல ஏறியாச்சுங்கிற மாதிரி ஒரு வாக்கியம். அதைக் கேட்டதும் ரொட்டிக்கு நடுவில் கறி வைக்கிற வேலை வேகம் பிடிக்கும். வண்டி நின்றதும் கூடை தூக்கிய பெண்கள் பிளாட்பாரத்துக்கு ஓடுவார்கள். இறங்க முடியாதவர்களுக்கு, முக்கியமா அடிபட்டவர்களை ஏற்றிவந்த ஆஸ்பத்திரி வண்டிகளுக்கு, பழம், மிட்டாய், தீப்பெட்டி, பத்திரிகை எல்லாம் கூடையில் போகும். இவங்களுக்கு 'பிளாட்பாரம் பெண்கள்'னே பேர்.

இப்ப ஒரு கேள்வி வரணும் உங்களுக்கு. 12,000 பேர் இருக்கிற ஊர் தினம் நாலாயிரம் விருந்தாளிக்கு எப்படிச் சோறு போடும்? போட முடியாது. நார்த் பிளாட் கேன்டீன் என்று பேர் இருந்தாலும் அதை நடத்தியது நார்த் பிளாட் மட்டும் இல்லை. தொண்டு செய்தவர்கள் மொத்தம் சுமார் 55,000 பேர் என்று சொல்கிறார்கள். கைக்குழந்தை முதல் கிழவி வரை ஊரே வந்திருந்தாலும் 12,000தான். மிச்சம் நாற்பதாயிரத்துச் சொச்சம் வெளியூர்! சுற்றுவட்டாரத்தில் 125 ஊர்கள், பக்கத்து மாநிலமான கொலராடோவில் இருந்தும் சில. மேப்பில் தேடினாலும் கிடைக்காத குக்கிராமங்கள் எல்லாம் அதில் உண்டு. சர்ச்சுகளும் மாதர் சங்கங்களும் முறை போட்டுக்கொண்டன. இந்தத் தேதி இந்த ஊருக்கு. அன்னைக்கு வர்ற எல்லா வண்டிக்கும் அந்த ஊர்தான் பொறுப்பு.

வெளியூர்னா எவ்வளவு தூரம்? நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் எல்லாம் சாதாரணம். "கார் இருந்துச்சுல்ல, அமெரிக்கா தானே" என்று நினைக்காதீங்க. 1942 கடைசியில் நாடு முழுக்க பெட்ரோல் ரேஷன். சாதாரணக் குடும்பத்துக்கு வாரத்துக்கு 4 காலன், அதாவது சுமார் 15 லிட்டர். பின்னால் அதுவும் குறைஞ்சது. 15 லிட்டரில் அந்தக் காலத்து கார் 100 கிலோமீட்டர் ஓடினா பெரிய விஷயம். டயரும் ரேஷன். டயர் தேயக்கூடாதுன்னு மணிக்கு 35 மைல்தான் வேக வரம்பு, நம்ம கணக்குல 56 கிலோமீட்டர். 150 கிலோமீட்டர் போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம், பல வாரத்துப் பெட்ரோல் காலி. நாலஞ்சு குடும்பம் கூப்பனைச் சேர்த்துப் போட்டு ஒரே காரில், மடியில் கேக் டப்பாவோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். விடியுமுன் கிளம்பி, நாள் முழுக்க நின்று பரிமாறி, ராத்திரி வீடு திரும்பி, காலையில் மாடு கறக்கணும்.

சாப்பாட்டு லிஸ்ட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு இன்னொண்ணு பிடிபட்டது. ஒரே ஒரு மாசத்துக் கணக்கு: குக்கி சுமார் 40,000. வேகவைத்த முட்டை சுமார் 30,000. டோனட் ஆறாயிரத்துக்கு மேல். என்னடா இது, முப்பதாயிரம் முட்டை? காரணம் ரொம்ப எளிது. சர்க்கரை 1942-லிருந்து ரேஷன். காபி 1942 நவம்பர் முதல் அடுத்த ஜூலை வரை ரேஷன். மாட்டுக்கறி, பன்றிக்கறி, வெண்ணெய், சீஸ் எல்லாம் 1943-லிருந்து ரேஷன். கோழிக்கும் முட்டைக்கும் ரேஷன் கிடையாது! பண்ணை வீடு ஒவ்வொன்றிலும் கோழி உண்டு. அந்தக் காட்டில் ஃபெசன்ட் என்று ஒரு பறவை, நம்ம காட்டுக்கோழி மாதிரி, கூட்டம் கூட்டமாகத் திரியும். சுட்டால் கறி. அதுக்கும் ரேஷன் கார்டு வேண்டாம். நார்த் பிளாட்டின் ஃபெசன்ட் சாண்ட்விச் சிப்பாய்கள் மத்தியில் பிரபலமாகி, வேற ஸ்டேஷன்ல ஏறினவனுக்கும் "அந்த ஊர் வந்தா எழுப்பு"ன்னு சொல்ற அளவுக்குப் போச்சாம். மெனுவைத் தீர்மானிச்சது ரேஷன் ஆபீஸ்தான்.

ஆனா கேக்குக்கும் குக்கிக்கும் சர்க்கரை வேணுமே? அதுக்கு ரேஷன் விலக்கு கிடையாது. அந்தச் சர்க்கரை அவங்கவங்க வீட்டுப் பங்கிலிருந்து போனது. எங்கேயோ ஒரு பண்ணை வீட்டில் அம்மா கேக் சுடுகிறாள், வாசனை தூக்குது, சுத்தி நிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு துண்டு கிடையாது. அது ஸ்டேஷனுக்கு. பிறந்தநாள் கேக் மட்டும் ஒரு நாளைக்கு இருபது வரை போயிருக்கு. வண்டியில் "இன்னைக்கு யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டு முழு கேக்கையும் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். (எல்லா வண்டியிலும் யாருக்காவது எப்படியோ பிறந்தநாள் வந்துடும். பதினெட்டு பத்தொன்பது வயசுப் பசங்க, பொய் சொல்லாம இருப்பாங்களா?)

காசுக் கணக்கும் பார்த்துடலாம். அரசாங்கப் பணம் ஒரு பைசா வாங்கலை. (ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தன் பங்காக அஞ்சு டாலர் அனுப்பினார். அதை நன்கொடைன்னுதான் எழுதணும்.) பழைய இரும்பு பொறுக்கி வித்தது, நடன நிகழ்ச்சி, உண்டியல். ஒரு சின்னப் பையன் மாட்டுச் சந்தை ஏலத்தில் போய் நின்று, போட்டிருந்த சட்டையைக் கழட்டி ஏலம் விடச் சொன்னான். ஏலம் எடுத்தவர் காசையும் கொடுத்து சட்டையையும் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் அவனுக்கு அதுவே வேலையாப் போச்சு, சந்தை சந்தையாகச் சட்டை ஏலம். இப்படி எல்லாம் சேர்த்து நாலேகால் வருஷத்தில் ரொக்கமாகச் செலவானது சுமார் 1,37,000 டாலர். அதை 60 லட்சத்தால வகுத்துப் பாருங்க. ஆளுக்கு ரெண்டேகால் சென்ட்! அப்போ கடையில ஒரு கப் காபியே அஞ்சு சென்ட். ரெண்டேகால் சென்ட்ல ஒருத்தருக்கு சாண்ட்விச், முட்டை, கேக், பால், காபி எப்படி? மிச்சம் எந்தக் கணக்கிலும் எழுதப்படலை. அது கோழிக்கூண்டிலிருந்து வந்தது, சர்க்கரை டப்பாவிலிருந்து வந்தது, தூக்கத்திலிருந்து வந்தது. அதைக் கொடுத்ததில் பெரும்பகுதி பெண்கள். அந்த வட்டாரத்தில் பையன்கள் போருக்குப் போய்விட்டதால் வயல் வேலையும் அவங்க தலையில்தான் இருந்தது. இதையும் சேர்த்து யோசிச்சா அந்த ரெண்டேகால் சென்ட்டோட உண்மையான விலை எவ்வளவுன்னு எனக்கு கணக்கு வரலை.

ரே வில்சனுக்கு உடம்பு சரியில்லாமல் போய் சீக்கிரமே பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். அப்புறம் பொறுப்பை ஏற்றது ஹெலன் கிறைஸ்ட் என்ற ரயில்வேக்காரர் மனைவி. ஆரம்பித்தவர் போனதும் மூடிப்போகிற சங்கங்கள் எத்தனை பார்த்திருக்கோம். இது போர் முடிஞ்சும் ஓடிச்சு.

சிப்பாய்களுக்கு இது ஏன் அவ்வளவு பெரிய விஷயமா இருந்துச்சு? ஒரு சாண்ட்விச்சுக்கா? ராணுவம் அவங்களுக்குச் சோறு போடாமலா இருந்துச்சு? கரையிலிருந்து கரைக்கு நாள்கணக்கில் ரயில் பயணம். எங்கே போறோம்னு சொல்லமாட்டாங்க. ஜன்னலுக்கு வெளியே நான் மேலே சொன்ன அதே சோளக்காடு. வண்டி நிற்கிற ஸ்டேஷன்ல கடைக்காரன் ரெட்டை விலை சொல்வான். அப்படி வந்தவனை முன்பின் தெரியாத ஒரு அம்மா "உள்ள வா தம்பி, காபி ஆறுது" என்கிற தோரணையில் கூப்பிட, காசு எடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டால்? 2002-ல் பாப் கிரீன் என்ற பத்திரிகையாளர் இந்த கேன்டீனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அறுபது வருஷம் கழித்து, போரில் எத்தனையோ பார்த்த எண்பது வயசுக் கிழவர்கள் அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்து போகிறது. திரும்பி வராதவர்களில் எத்தனை பேருக்கு ராணுவச் சமையல் இல்லாத கடைசி நல்ல சாப்பாடு அந்த முட்டையும் கேக்குமோ.

பரிமாறினவங்க பக்கமும் இருக்கு. கேன்டீனில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு தாய்க்கு அவர் மகன் போரில் இறந்த செய்தி வந்தது. அவர் திரும்பவும் கேன்டீனுக்கு வந்து நின்று பரிமாறினார் என்கிறார்கள். என் பிள்ளைக்கு இனிமே ஒண்ணும் செய்ய முடியாது, யாரோ பெத்த பிள்ளைக்காவது செய்யறேன்னு. வேற மாதிரிக் கதைகளும் உண்டு. பொரிச்ச சோள உருண்டைக்குள்ளே பெண்கள் பேரும் விலாசமும் எழுதின சீட்டை வச்சு அனுப்பி, கடிதம் எழுதிப் பழகி, கல்யாணத்தில் முடிஞ்ச ஜோடிகள். நம்ம டைரக்டர்கள் கண்ணுல இன்னும் படலை போல.

இத்தோட நிறுத்தினா 'மனிதம்'னு லேபிள் போட்டு பதிவை முடிச்சிடலாம். இந்த ஊரைப் பத்தி எழுதுறவங்க நிறையப் பேர் அப்படித்தான் முடிக்கிறாங்க, 'அற்புதம்' என்ற வார்த்தையோட. எனக்கு அந்த வார்த்தை மேல சந்தேகம். அற்புதம்னு சொல்லிட்டா செஞ்சவங்களை மனுஷங்களா பார்க்கறது நின்னுபோயிடும். அதனால இதே ஊர்ல நடந்த இன்னும் ரெண்டு சம்பவம்.

1929 ஜூலை. கேன்டீனுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால். ஒரு கறுப்பர் உள்ளூர் போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். அவர் அன்றே செத்துப்போனார். ஆனா கதை அத்தோட முடியலை. ஒரு கும்பல் கறுப்பர் வீடுகளுக்குப் போய், ஊரை விட்டு ஓடுங்கன்னு மிரட்டியது. குற்றத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பின. நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்த செய்தி.

அடுத்தது 1941 டிசம்பர் 7. கான்சாஸ் வண்டி வருவதற்குப் பத்தே நாள் முன்பு. அந்த வட்டாரத்தில் ஜப்பானிய விவசாயக் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. அன்று நார்த் பிளாட் சர்ச் ஒன்றில் அவர்களின் கூட்டம். ஜப்பானிய அமெரிக்கர் சங்கத்தின் செயலாளர் மைக் மசாவோகா வெளியூரிலிருந்து வந்து பேசிக்கொண்டிருந்தார். பேர்ல் ஹார்பர் செய்தி வந்ததும் அவரை அங்கேயே பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் வைத்தார்கள். பின்னால் விடுவித்தார்கள். ஹிரம் கானோ என்ற பாதிரியாரையும் அதே நாளில் அதே ஊரில் கைது செய்தார்கள். அவர் முகாம் முகாமாக இரண்டு வருஷத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த இன்னொருத்தர் பென் குரோக்கி. நார்த் பிளாட்டுக்கு மேற்கே இருபது கிலோமீட்டரில் ஹெர்ஷி என்ற குக்கிராமம், அங்கே உருளைக்கிழங்கு போடும் குடும்பம். நெப்ராஸ்காவிலேயே பிறந்த பையன். மறுநாளே அப்பா சொல்லி, தம்பியோட நார்த் பிளாட்டில் ராணுவத்தில் சேரப் போனார். எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிடுறோம் என்றார்கள். கூப்பிடவே இல்லை. வேற ஊரான கிராண்ட் ஐலண்டுக்கு போன் செய்து, "நாங்க ஜப்பானியர், பரவாயில்லையா?" என்று கேட்டதற்கு, அங்கிருந்தவர் எனக்கு ஆள் சேர்த்தா தலைக்கு ரெண்டு டாலர், வாங்கன்னு சொன்னதாக குரோக்கியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 230 கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தார். ஐரோப்பாவில் 30 தடவை, பிறகு ஜப்பான் மேலேயே 28 தடவை, மொத்தம் 58 தடவை குண்டுவீச்சு விமானத்தில் பறந்துவிட்டு உயிரோடு திரும்பினார். அதுக்கான பெரிய பதக்கத்தை 2005-ல்தான் கொடுத்தார்கள். 2015-ல் இறந்தார்.

ஆக, யாரோ பெத்த கான்சாஸ் பிள்ளைக்குக் கேக்கைத் தூக்கிக் கொடுத்த அதே ஊர், பக்கத்து கிராமத்துப் பிள்ளையை வேணாம்னு உட்கார வச்சிருந்தது. அதே மாசத்தில்.

இதுக்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லணும். அமெரிக்க ராணுவம் அப்போது நிறவாரியாகப் பிரிந்தது. கறுப்புச் சிப்பாய்களுக்குத் தனிப் பிரிவு, ரயிலிலும் தனிப் பெட்டி. 1948-ல்தான் ட்ரூமன் உத்தரவு போட்டு அதை ஒழிக்க ஆரம்பித்தார். ரூபர்ட் டிரிம்மிங்ஹாம் என்ற கறுப்பு கார்ப்பரல் 1944-ல் ராணுவப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். லூசியானாவில் ஒரு ஸ்டேஷன் ஹோட்டலில் கறுப்பர்கள் கொல்லைப்புற வாசல் வழியே சமையலறைக்குள் போய்த்தான் சாப்பிட முடிந்தது. அப்போ உள்ளே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் தெரியுமா? ஜெர்மன் போர்க்கைதிகள்! இதுதான் அன்றைய நிலவரம். நார்த் பிளாட் கேன்டீனில் கறுப்புச் சிப்பாய்களும் முன்வாசல் வழியா வந்து, அதே மேஜையில் அதே காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். 1929-ல் கறுப்பர்களைத் துரத்தின ஊரில்.

மனசு மாறிட்டாங்களா? பத்து நிமிஷத்தில் போய்விடுகிற விருந்தாளிக்குக் கொடுப்பது, பக்கத்து வீட்டில் குடியிருக்கிறவனுக்குக் கொடுப்பதைவிட சுலபமா? யூனிஃபார்ம் போட்டவன் எல்லாம் நம்ம பையன், போடாதவன் வேற ஆளா? எனக்கு மூணாவதுதான் அதிகம் பொருந்துற மாதிரி தெரியுது. குரோக்கி கேட்டதும் அந்த யூனிஃபார்மைத்தானே. உங்களுக்கு வேற தோணலாம், எழுதுங்க. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை அழிக்கிறதுக்கு மட்டும் நான் தயாரில்லை. முப்பதாயிரம் முட்டையும் நிஜம், 1929-ம் நிஜம்.

மிச்சத்தைச் சுருக்கமா முடிச்சிடறேன், நாளைக்குக் காலையில ரிலீஸ், ஆணி நிறைய இருக்கு. போர் 1945-ல் முடிந்தாலும் ஊர் திரும்புகிற சிப்பாய்கள் வந்துகொண்டே இருந்ததால் கேன்டீன் 1946 ஏப்ரல் 1 வரை நடந்தது. அப்புறம் மேஜைகளை எடுத்து வைத்துவிட்டு எல்லாரும் மாடு கறக்கப் போய்விட்டார்கள். ஜனங்கள் காருக்கும் விமானத்துக்கும் மாறினார்கள். 1971-ல் அந்த வழியே பயணிகள் ரயிலே நின்றுவிட்டது. 1973-ல் ஸ்டேஷன் கட்டடத்தை யூனியன் பசிபிக் இடித்துவிட்டது. 60 லட்சம் பேர் ஏறி இறங்கின இடம். ஊர்க்காரங்க பலருக்கு அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்துச்சு. அதே ஊரில் அதே கம்பெனிக்கு உலகத்திலேயே பெரிய ரயில் யார்டு, பெய்லி யார்டு, ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சரக்கு வண்டி. கேன்டீன் சாமான்கள் கொஞ்சம் உள்ளூர் மியூசியத்தில் இருக்கு.

2018 ஜூனில் ஆர்கன்சா தேசியக் காவல் படைக்காரர்கள் சுமார் 700 பேர் பயிற்சி முடிந்து பஸ்களில் ஊர் திரும்பும் வழியில், நார்த் பிளாட்டில் நிறுத்திச் சாப்பிட முடியுமா என்று கேட்டார்கள். ரெண்டு நாள் வரிசையாக பஸ் வந்தது. ஊர்க்காரர்கள் மறுபடி மேஜை போட்டார்கள். 1941-ல் அவங்க ஊர்ப் பையன்கள் பயிற்சியில் இருந்தது அதே ஆர்கன்சாவில்தான்.